புளியங்கொட்டைப் புயல்

யுத்த காலத்தில் ரேடியோவில் வானிலை சொல்லமாட்டார்கள். எதிரி கேட்டுவிடுவானாம். அதனால் புயல் பைத்தியம் பிடித்த நானும், போடிக் கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்த என் சிநேகிதரும், மதுரையிலிருந்து வரும் பஸ் டிரைவர்களை நம்பித்தான் புயலைப் பின்தொடர்ந்தோம்.

அந்த மார்கழியில் அவர் கடை மேசையில் மாகாணப் படத்தை விரித்து, புயல் இருக்கும் இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தோம். தொண்டிப் பக்கம் கரையேறிவிட்டதாக முதல் பஸ்காரர் சொன்னார். மானாமதுரையில் தென்னைகள் சாய்ந்து கிடப்பதாக அடுத்தவர் சொன்னார். கொட்டையை மேற்கே நகர்த்தினோம். பிறகு பஸ்ஸே வரவில்லை. வாடைக்காற்று வந்து தகரக் கூரைகளைப் பிய்த்தது.

மத்தியானம் சட்டென்று எல்லாம் நின்று, வெயில் அடித்தது. தலைக்கு மேலே நீண்ட சிறகுள்ள கரும்பறவைகள் சத்தமில்லாமல் வட்டமிட்டன. இந்தப் பக்கம் அப்படியொரு பறவையை நான் கண்டதே இல்லை.

"விட்டுருச்சுப்பா" என்று எதிர்க்கடைக்காரர் கதவுப் பலகையைக் கழற்றினார்.

"இதுக கடல் பறவை. வெளியேற வழியில்லாம புயலுக்கு நடுவுலயே மாட்டிக்கிட்டு வந்துருக்கு" என்றார் சிநேகிதர். உள்ளே போய்க் கொட்டையை எடுத்து, படத்தில் போடியின் மேலேயே வைத்தார்.

நான் வாசலுக்கு ஓடி, "கடையத் தொறக்காதீக! புயல்ல பாதிதான் போயிருக்கு, மறுபாதி எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும்" என்று கத்தினேன். வீதியே சிரித்தது.

பறவைகள் மெல்ல மேற்கே நகர்ந்தன. எங்கள்மேல் இருந்த வெயில் அவற்றோடு போயிற்று. தெற்கே, கம்பம் பக்கமிருந்து, மார்கழியில் ஒருநாளும் வராத காற்று இரைந்துகொண்டு வருவது கேட்டது. எதிர்க்கடைக்காரர் பலகையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.