சேமிக்காத கடிதம்

நேற்று மகள் அனுப்பிய படங்களைப் பார்க்கலாம் என்று கணினி முன் உட்கார்ந்தேன். அது சற்று நேரம் முனகிவிட்டு உறைந்துபோனது. வாங்கிப் பதினான்கு வருடம் ஆகிறது.

"அந்த டப்பாவத் தூக்கிக் கியா பார்ம் தோட்டத்துல குடுங்க. ஸ்ட்ராபெரி நட்டு வைப்பாங்க," என்றாள் மனைவி.

நான் அவ்வளவு சுலபமாக விடுகிறவன் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். எப்போதோ தூக்கிப் போட்ட பிரிண்டருக்கான நிரல் இன்னும் விசுவாசமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை முடித்துவைத்தேன். யாருக்கும் பயன்படாத இன்னும் இரண்டையும் முடித்தேன். அடுத்ததன் பக்கத்தில் 'பதில் இல்லை' என்று இருந்தது. அதிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, போய்ப் பால் சேர்க்காத தே ஓ கலந்து குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் அது தானாகவே பேச ஆரம்பித்திருந்தது.

இந்தப் பொறுமை என்னோடு பிறந்ததில்லை. தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என் வேலை. இரண்டு முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பெயரின் மேல் கோடு போட்டுவிடுவேன். மூன்றாவது முறை கூப்பிடும் பழக்கம் என்னிடம் கிடையாது. மேட்டில் மூச்சிரைக்க ஏறி வருபவர்களின் "இருக்கேன்யா!" கோட்டுக்குப் பிறகுதான் வந்து சேரும். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணினியின் பின்புறத்தில் சூடான தூசி மணம் வந்தது. நான் முதன்முதலில் வாங்கிய கணினியிலும் இதே மணம்தான். அதற்குத் தொப்பை வைத்த திரை. மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று, அதை வைத்த அலமாரிக்குள் எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரியும். கிராணி கோழிக்குஞ்சு பொரிக்கிறார் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பேசிக்கொண்டார்கள். சுவரில் விதிமுறைகளை எழுதி ஒட்டியிருந்தேன். பத்தி முடிந்ததும் சேமி. அச்சிடுமுன் சேமி. உறைந்தால் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்து, பட்டியல் வரும், பதில் சொல்லாததை முடி. வீட்டில் அந்தக் கணினியைத் தொடுகிற ஒரே ஆள் நான்தான். யாருக்காக எழுதினேன் என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் பாக்கியம் வந்தார். கொழுந்து பறிப்பவர், ஏறக்குறைய என் வயது. பிறந்தது எங்கள் தோட்டத்து லயத்தில்தான், ஆனால் அந்தப் பிறப்பை யாரும் பதியவில்லை. அதனால் அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசி. குடிமக்களுக்கான நீல ஐசி கேட்டு விண்ணப்பித்திருந்தார். மறுநாள் காலை தானா ராத்தா பதிவு அலுவலகத்தில் நேர்முகம். இத்தனை வருடமும் இங்கேயே வாழ்ந்ததை விளக்கி மலாயில் ஒரு கடிதம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"ரெண்டு வரி போதும் கிராணியாரே. நான் இங்கதான் இருக்கேன்னு எழுதுங்க. எதுத்தாப்புலதான நிக்கப் போறேன், பாத்தா தெரியாதா?"

"நின்னாலாம் ஒத்துக்க மாட்டாங்கம்மா. வீட்டுக்காரரு சிங்கப்பூருக்குப் போனப்ப நீ ஏன் கூடப் போகலன்னு கேப்பாங்க. அதச் சொல்லு."

பாக்கியம் பல்பைப் பார்த்தபடி சொன்னார். முதல் பிள்ளை பெண். மூன்று நாள் இருந்தது. அதையும் யாரும் பதியவில்லை. ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு மரத்தடியில் புதைத்தார்கள்.

"பேரு வச்சோம். கூப்புடத்தான் நாளில்ல. அவள வுட்டுட்டு எந்த ஊருக்குப் போறது?"

பிள்ளையின் பெயரையும் சொன்னார். எல்லாவற்றையும் மலாயில், ஆங்கில எழுத்தில் தட்டினேன். இரண்டு பக்கம் வந்தது. கேட்டுக்கொண்டே தட்டியதில் ஒரு பத்தியைக்கூடச் சேமிக்கவில்லை. தானாகவே சேமிக்கும் வசதி ஒன்று உண்டு. மெஷினை மெதுவாக்குகிறது என்று அதை முன்பே நிறுத்தி வைத்திருந்ததும் நான்தான். அப்படியே அச்சிடக் கொடுத்தேன். திரை உறைந்தது.

மூன்று விசைகளை அழுத்தினேன். பட்டியலில் கடிதத்தின் பக்கத்தில் 'பதில் இல்லை' என்று இருந்தது. முடித்தேன். வெற்றுத் திரை வந்தது.

"என்னய்யா, வெள்ளையா இருக்கு?"

"போச்சும்மா. கூப்புட்டேன், பதில் வரல. அதான்..."

"எத்தன வாட்டி கூப்புட்டீங்க?"

நான் பிரிண்டர் கம்பியைச் சரிபார்ப்பதுபோல் குனிந்தேன்.

"பெரட்டுல பண்றத இதுகிட்டயும் பண்ணிட்டீங்களா? ரெண்டு பக்கம் தூக்கிட்டு மேட்டுல ஏறுது, மூச்சு வாங்கிட்டு வரும்லா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது முறை எழுத உட்கார்ந்தோம். இந்த முறை வருடங்களும் லய நம்பர்களும் மட்டும் வந்தன.

"பிள்ளையப் பத்தி?"

"அது சொல்லியாச்சு."

"மெஷின்ல போயிருச்சும்மா."

"மெஷின்லதான போச்சு. நான் சொன்னது சொன்னதுதான். இன்னொருவாட்டி வாயில வராது. நீங்களா சேத்தும் எழுதாதீங்க."

முக்கால் பக்கத்தில் கடிதம் முடிந்தது. இம்முறை வரிக்கு வரி சேமித்தேன்.

மறுநாள் அதைத்தான் கேட்டார்களாம். கணவர் போனபோது நீங்கள் ஏன் போகவில்லை? "போகலன்னு சொன்னேன், அவ்ளோதான் லா," என்றார் பாக்கியம். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. முதல் கடிதம் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் என் மலாயைப் பற்றிய கர்வமும் இருக்கலாம். மறுபடி விண்ணப்பித்து, ஒன்பது வருடம் கழித்து நீல ஐசி வந்தது. என்னிடம் காட்டவென்றே வந்தார்.

"பாத்தீங்களா, பதில் சொல்ல எவ்ளோ நாளாச்சு? நீங்களா இருந்தா எப்பவோ கோடு போட்டுருப்பீங்க."

அந்த ஐசியை வைத்துக்கொண்டு இரண்டு தேர்தலில் ஓட்டுப் போட்டார். பிறகு இறந்துபோனார். அவருடைய லயத்தை இடித்துவிட்டார்கள். இப்போது பெரட்டும் இல்லை. ஒன்பதாம் நம்பரில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் கூரை போட்டுக் காய்கறி போடுகிறார்கள். மரம் எங்கே நின்றது என்று சொல்ல ஆளில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் எழுத்தில் இருந்தது ஒரே ஒரு முறை, என் திரையில், சுமார் இருபது நிமிடம். தட்டியவன் நான். எஸ் என்ற எழுத்தில் ஆரம்பித்ததாக, அந்த விசையை அழுத்தும் என் இடது கை சொல்கிறது. அதற்கு மேல் எனக்கு வரவில்லை.