காகிதத்தில் மட்டும் கலந்த சாம்பல்

தலைமை அலுவலகத்திலிருந்து ஆறு பேர் ‘பசுமை கான்கிரீட்’டைப் பார்க்க வந்த அன்றுதான் எங்கள் லட்சணம் வெளியே வந்தது. ஏ.சி. குளிர் குறையக்கூடாதென்று அவர்களின் மூன்று கார்களும் இரண்டு மணி நேரம் இன்ஜின் அணையாமலே நின்றன.

அது 2006 அல்லது 2007. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளான்ட்டில் நான் குவாலிட்டி இன்ஜினியர். சிமென்ட் தயாரிக்கையில் ஏகப்பட்ட கார்பன் காற்றில் கலக்கிறது. அந்த சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து, அத்திப்பட்டு பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்ப்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் சாம்பல் கலவைக்கு வலு மெதுவாகத்தான் ஏறும். எங்களிடம் கான்கிரீட் வாங்கித் திருநின்றவூரில் ஃபிளாட் கட்டிக்கொண்டிருந்தவர், கான்கிரீட் கட்டியை உடைத்து வலு பார்க்கும் ஏழாம் நாள் க்யூப் டெஸ்ட்டைப் பார்த்துவிட்டு போனில் கத்தினார். முழு வலு வர இருபத்தெட்டு நாள் பொறுங்கள் என்று சொல்ல எங்கள் மேனேஜருக்குத் தைரியம் இல்லை. சாம்பலை அதன் சைலோவிலேயே, அந்தச் சேமிப்புக் கோபுரத்திலேயே, விட்டுவிட்டு முழு சிமென்ட் போடச் சொன்னார்.

நிற்காதது ரிப்போர்ட் மட்டும்தான். ‘இவ்வளவு கார்பன் மிச்சம்’ என்று தலைமை அலுவலகத்துக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. கீழே என் கையெழுத்து.

கலவை அளந்து போடும் பேட்சிங் ஆபரேட்டர் காதர் பாய், பழவேற்காட்டுக்காரர், ஒருமுறை கேட்டார்: “இன்னா சார், சைலோ ரொம்பிக் கெடக்குது. பேப்பர்ல மட்டும் சாம்பல் போய்க்கினே கீதே?” அந்த மாத ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

வந்த ஆறு பேரில் பெரிய அதிகாரி, சாம்பல் விழுவதைப் படம் எடுக்கவேண்டும் என்றார். காதர் பாய் பட்டனை அழுத்தினார். ஒன்றும் விழவில்லை. மழை ஈரம் இறங்கி, சாம்பல் உள்ளே கட்டிப்போயிருந்தது. கரண்ட் பிரச்சினை என்றார் மேனேஜர், முகம் மாறாமல். அதிகாரி என்னைப் பார்த்தார்.

“மூணு மாசமா இதுலேர்ந்து ஒரு கிலோகூட எடுக்கல சார். ரிப்போர்ட் பொய். கையெழுத்து போட்டது நான்தான்” என்றேன்.

அவர் போட்டோகிராபர் பக்கம் திரும்பினார். “பக்கத்து சிமென்ட் சைலோ முன்னாடி எடுத்துக்கலாம்பா. போட்டோல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்” என்றார்.

பிளான்ட்டுக்குப் பசுமைக் கேடயம் கிடைத்தது. எனக்கு ஜல்லி குவாரிக்கு மாற்றல்.

கிளம்புமுன், ஆரம்பத்தில் சாம்பல் சேர்த்துப் போட்டுவைத்திருந்த க்யூப்களை நானும் காதர் பாயும் மெஷினில் வைத்து உடைத்தோம். முழு சிமென்ட் க்யூப்களைவிட அதிக லோடு தாங்கின. பார்க்க வேறு யாரும் வரவில்லை.

இளைய இன்ஜினியர்களுக்குச் சொல்வது இதுதான். கார்பனைக் குறைக்கும் வழி எங்கள் கையிலேயே இருந்தது. இல்லாமல் போனது மூன்று வாரப் பொறுமையும் கொஞ்சம் முதுகெலும்பும். என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன். முதல் மாதமே கையெழுத்துப் போட மறுத்திருந்தாலும் இதே மாற்றல்தான் கிடைத்திருக்கும். மூன்று பொய்யாவது குறைந்திருக்கும்.