மல்லேசத்தின் வாயில் அடுத்தவன் குரல்

மல்லேசண்ணா அறுபத்தோரு படங்களில் நடித்தவர். திருடனாகவோ குடிகாரனாகவோ வாட்ச்மேனாகவோ வந்தால் அவருடைய சொந்தக் குரலையே வைத்துக்கொள்வார்கள். வாத்தியார், தாசில்தார், நல்ல தகப்பன் என்று வேஷம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் வேறு ஒருவர் அவருக்காகப் பேசுவார். ஹைதராபாதில் முப்பது வருஷம் டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவாளராக இருந்தவன் நான். அந்த மாற்றுக் குரல்களில் பாதியைப் பதிவு செய்தது என் கைதான். அவர் கதையைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் முழுக்கக் கூட இருந்து பார்த்தவன் நான்.

தெலங்கானாவில் ஜனகாமா பக்கத்துக் கள்ளிறக்கும் குடும்பம் அவருடையது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். படியில் தொங்கியவர்களை அவர் அதட்டிய அதட்டலைக் கேட்டு, அதே பஸ்ஸில் வந்த ஒரு டைரக்டர் சினிமாவுக்குக் கூப்பிட்டார். "குரலக் கேட்டுத்தான்டா கூப்டான். கூட்டிக்கிட்டுப் போயி மொதல்ல அதத்தான் அறுத்தான்" என்பார் அண்ணா.

தொண்ணூற்று நான்கில் ஒரு படம். தொரையை, அதாவது ஊர் ஜமீன்தாரை, எதிர்த்துக் கோர்ட்டில் சாட்சி சொல்லும் பள்ளிக்கூட வாத்தியார் வேஷம். நாலு நிமிஷம் ஒரே மூச்சில் பேசி நடித்திருந்தார். செட்டில் லைட் பிடித்தவர்கள் கைதட்டினார்களாம். டப்பிங்குக்கு அவரைக் கூப்பிடவில்லை. ஆந்திராப் பக்கம் விஜயவாடாவிலிருந்து வந்த ஒருவர், வெண்ணெய் தடவிய தொண்டையோடு, அந்த நாலு நிமிஷத்தைப் பேசிவிட்டுப் போனார். நான் பதிவு செய்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

படம் ஜனகாமாவுக்கு வந்ததும் அண்ணா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். கோர்ட் சீனில் ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. அம்மா மட்டும் மகன் தோளைத் தட்டி, தியேட்டருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "ஏன்டா மல்லேசா, உன் வாய்க்குள்ள எவன்டா பேசுறான்?"

பக்கத்து வரிசையில் சிரித்தார்கள். அண்ணா பாதியில் எழுந்து வந்துவிட்டார். மறுநாள் நேரே எங்கள் தியேட்டருக்கு வந்தார். தயாரிப்பாளர் அங்கே இருந்தார்.

"என் பேச்ச ஏன் சார் தூக்குனீங்க?"

"உன் நடிப்புக்கு ஒரு கொறையும் இல்ல மல்லேசம். உங்க பக்கத்துப் பேச்சு காமெடிக்குத்தான்யா செட்டாகும். வாத்தியார் அப்படிப் பேசுனா ஜனங்க சிரிச்சிடுவாங்க."

"எங்க வாத்தியாரு அப்படித்தான் சார் பேசுனாரு. நாங்க யாரும் சிரிக்கல. பிரம்பு வச்சிருந்தாரு."

தயாரிப்பாளர் வெளியே போய்க் காரில் ஏறினார். அண்ணா என் பக்கம் திரும்பினார். தெலுங்குக்காரர்கள் தமிழர்களான நம்மை அரவம் என்று கேலியாகச் சொல்வார்கள். அண்ணா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "ஏ அரவத் தம்பி, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் வேலைக்காரன்ணா" என்றேன்.

அந்த வருஷம் அவருக்குச் சிறந்த துணை நடிகர் விருது கொடுத்தார்கள். "எதுக்குடா குடுத்தானுங்க, மூஞ்சிக்கா?" என்று கேட்டுவிட்டு அந்தக் கேடயத்தைப் பரணில் போட்டார். மூன்று பெண்களும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வேலையை விட முடியவில்லை. ஆனால் அதற்கப்புறம் தான் நடித்த எந்தப் படத்தையும் அவர் போய்ப் பார்க்கவில்லை. அவர் மனைவி ராஜவ்வா குத்திக் காட்டுவாள்: "சினிமாக்காரன் பொண்டாட்டின்னுதான் பேரு. வீட்டுல இந்தக் கத்துக் கத்துற மனுசன ஒரு நல்ல வேசத்துலயாச்சும் கேட்டிருக்கேனா?"

பிறகு ஆந்திராவிலிருந்து தெலங்கானா தனி மாநிலமாகப் பிரிந்தது. நாலைந்து வருஷத்தில் காற்று மாறிவிட்டது. எந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தார்களோ, அதையே ஹீரோக்கள் பேசினார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. அறுபத்தெட்டு வயதில் அண்ணாவுக்கு ஒரு பெரிய படம் வந்தது. மகன் துபாய்க்குப் போகும்போது வாசலில் நிற்கும் தகப்பன் வேஷம். சொந்தக் குரலில்தான் பேச வேண்டும் என்றார்கள். அன்று காலை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொண்டைக்கு மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கே தியேட்டருக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

திரையில் தகப்பனின் முகம் வந்தது. அண்ணா பேசினார்: "போறதுன்னா போடா. நான் செத்தா மட்டும் போன்ல அழாத. நேர்ல வந்து அழு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்திலிருந்தவன் மைக்கை அழுத்தி, "நிறுத்துங்க" என்றான். அவன் பெயர் ஃபணீந்திரா. கடலோர ஆந்திராவில் பீமவரத்துக்காரன். தெலங்கானாப் பேச்சு சொல்லிக்கொடுக்க அந்தப் படத்துக்குப் போட்டிருந்தார்கள்.

"சார், ஸ்லாங் சரியா வரல. ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'ராபாய்' போடுங்க. கடைசி எழுத்தக் கொஞ்சம் இழுங்க. அப்பத்தான் ஒரிஜினல் தெலங்கானா மாதிரி இருக்கும்." நம் 'அடே தம்பி' மாதிரி ஒட்டிக்கொள்ளும் சொல் அந்த ராபாய்.

அண்ணா ஹெட்போனைக் கழற்றினார். "நீ எந்த ஊரு தம்பி?"

சொன்னான்.

"எங்கப்பன் சாகும்போது என் கையப் புடிச்சுக்கிட்டுப் பேசுனான். ஒரு ராபாய் சொல்லல. எங்கப்பனும் தப்பாப் பேசிட்டானா?"

டைரக்டர் சமாதானம் செய்ய வந்தார். "கோவப்படாதீங்க அண்ணா. ஆடியன்ஸ் இப்ப இதத்தான் எதிர்பாக்கறாங்க. நீங்க பேசறது நம்ப முடியற மாதிரி இல்ல."

"அன்னிக்கு என் பேச்சு ரொம்ப தெலங்கானான்னு தூக்குனீங்க. இன்னிக்கு அது பத்தலன்னு தூக்குறீங்க. நான் எப்படா ஒங்களுக்குச் சரியா இருப்பேன்?" கண்ணாடிக்குப் பின்னால் அவர் தொண்டை நரம்பு புடைத்தது. "திருடனுக்கு மட்டும் பத்துச்சு இல்ல? குடிகாரனுக்குப் பத்துச்சு இல்ல?"

ஹெட்போனை மேஜையில் போட்டுவிட்டு வெளியேறினார். மறுநாள் ஒரு மிமிக்ரிக்காரனை அழைத்து வந்தார்கள். மல்லேசண்ணாவின் குரலை அச்சு அசலாகப் பிடிப்பவன். ஃபணீந்திரா சொன்ன இடத்தில் எல்லாம் ராபாய் போட்டான். நான் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன்.

அண்ணாவுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ரிலீசுக்கு ஐந்து நாள் முன்னால் கரீம்நகரில் விழா. மேடையில் டிரெய்லரைப் போட்டார்கள். தன் வாயிலிருந்து அந்த ராபாய் வந்ததை, பத்தாயிரம் பேருக்கு நடுவில்தான் அவர் முதன்முதலாகக் கேட்டார். கூட்டம் விசிலடித்தது. தொகுப்பாளினி மைக்கை நீட்டி, "அந்த டயலாக்க ஒருதடவ சொல்லுங்க அங்கிள்" என்றாள்.

"இப்ப நீங்க கேட்டது நான் இல்ல" என்றார். "எவனோ ஒருத்தன் என்னை மாதிரிப் பேசுறான். உங்க பேச்ச உங்களுக்கே சொல்லித்தர ஆள் வச்சிருக்காங்க. கேட்டுக்குங்க, நம்ம வீட்டுல எப்படிப் பேசுவோம்னு."

பிறகு அந்த மூன்று வரிகளைப் பேசினார். இழுக்கவில்லை. கத்தவில்லை. கரீம்நகரில் துபாய்க்கு ஆள் அனுப்பாத வீடு கிடையாது. அண்ணாவுக்காகப் பத்தாயிரம் பேர் எழுப்பிய கூச்சலில் அந்தப் படத்தின் தயாரிப்பாளர் மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை தயாரிப்பாளரே போன் செய்தார். எப்படி வேண்டுமோ அப்படியே பேசிக்கொடுங்கள் என்று கெஞ்சினார். "பயந்துக்கிட்டுக் கூப்டுற. மதிச்சுக் கூப்டல" என்று சொல்லி அண்ணா போனை வைத்துவிட்டார். படம் மிமிக்ரிக்காரனின் குரலோடுதான் வந்தது. நன்றாகவும் ஓடியது.

அதற்கப்புறம் அவர் நடிக்கவில்லை. ஒரு நடிகருக்கு வேறொருவர் பேசினால், அந்த நடிகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், பேசியவர் பெயரையும் திரையில் போட வேண்டும் என்று நடிகர் சங்கத்தில் மனு கொடுத்தார். பரிசீலிக்கிறோம் என்கிறார்கள். மாதம் ஒருமுறை போய்ச் சத்தம் போட்டுவிட்டு வருகிறார்.

போன மாதம் கிருஷ்ணாநகரில் அவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். சொல்லி முடிக்க விடவில்லை.

"மன்னிப்பா? மத்தவனுக்கெல்லாம் என் பேச்சு தெரியாது, விடு. ஒனக்குக் காதுதானடா பொழப்பு! கேட்டே இல்ல? நல்லா இருந்துச்சு இல்ல? அப்புறம் ஏன்டா அவனுக்குப் பட்டன அமுக்குன?"

ராஜவ்வா சோள ரொட்டித் தட்டோடு வந்து, "சாப்ட்ட பெறவு திட்டு. ஆறிடும்" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணா நடக்கும், நீ போடு" என்றார் அண்ணா. என்னை உட்காரச் சொன்னார். மூன்று ரொட்டி தின்று முடிக்கும்வரை திட்டினார்.