சேவியர்ராஜின் போர்தோ

என் தங்கை ரீத்தாவின் புருஷன் சேவியர்ராஜ், பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு ஓட்டலில் முப்பத்தொரு வருஷம் ஒயின் பரிமாறியவர். பிரெஞ்சுக்காரர்களே பாட்டிலைத் தேர்ந்தெடுக்குமுன் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஆனால் அவர் ஒரு சொட்டுக்கூட விழுங்கியதில்லை. நம்பாதவர்களிடம் எனக்குக் கோபமில்லை. நானே முதலில் நம்பவில்லை.

எண்பத்தேழில் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் முதல் ஓலையும் படித்தாயிற்று. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சாமியார் ஓலை படித்து ஊருக்குச் சொல்வது எங்கள் வழக்கம். எங்கள் சித்தப்பாவைச் சாராயம் தின்றிருந்தது. அதனால் மாப்பிள்ளையை ஒரு நடை பார்த்துவிடலாமென்று கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். ஓட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஐயா வெள்ளைச் சட்டையும் டையுமாக நின்று, கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி, மோந்து, ஒரு வாய் உறிஞ்சுகிறார். அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. பெரிய துப்பறியும் புலி மாதிரி ஓடிவந்து அப்பாவிடம், "குடிகாரம்பா, என் கண்ணால பாத்தேன்" என்றேன். அப்பா அன்றே கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு சாமியார் இரண்டாம் ஓலையைப் படிக்கவில்லை. கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. ரீத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீடு வந்தாள். நான் சொன்னது காதுக்கு எட்டி, வாசலில் சேவியர்ராஜ் வந்து நின்றிருந்தார்.

"அது வேலைங்க. கெட்டுப்போச்சா, நல்லாகீதான்னு வாயில வெச்சிப் பாத்துட்டு துப்பிடுவேன். எங்கப்பா சாராயத்துல செத்தப்போ எங்கம்மா கையில அடிச்சி சத்தியம் பண்ணேங்க, முழுங்க மாட்டேன்னு."

"துப்பறது ஒரு வேலையா? அதுக்கு இன்னாய்யா தெரியணும்?" என்று சிரித்தேன்.

அவர் என்னை நேராகப் பார்த்து, வீட்டில் கடுக்காய் இருக்கிறதா என்று கேட்டார். கல்வராயன் மலைக் கடுக்காய் எங்கள் பக்கம் இல்லாத வீடு ஏது? ஒரு துண்டை உடைத்து என்னை மெல்லச் சொன்னார். நாக்கு சுருண்டு, வாய் முழுக்க இழுத்துக்கொண்டது. அடுப்பில் வெந்துகொண்டிருந்த வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பான துண்டாக ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்கித் தந்தார். மென்றேன். துவர்ப்பு அடங்கி, கறியின் ருசி இரண்டு பங்காகத் தெரிந்தது.

"போர்தோன்னு செவப்பு ஒயின், அதுவும் இப்படித்தாங்க. நாவப்பழ நெறம். மோந்தா பென்சில் சீவன வாசன வரும். தனியா குடிச்சா வாய இழுத்துக்கினு நிக்கும். கொழுப்புக் கறியோட வெச்சா சாதுவாயிடும். மீனோட குடுத்தா இரும்ப நக்கின மாதிரி ஆயிடும். காரம் ஜாஸ்தின்னா எரியும். ஒரு வெள்ளக்காரரு மீனுக்கு அதான் வேணும்னாரு. வேணாங்க, ஆட்டுத் தொடக்கறி வாங்கிக்கங்கன்னேன். சாப்ட்டுட்டு எழுந்து வந்து கை குடுத்தாருங்க."

தன் அப்பாவைக் கொன்ற சரக்கின் பங்காளியைப் பற்றி இத்தனை மரியாதையாகப் பேச ஒரு மனுஷனால் முடிகிறதே என்றிருந்தது எனக்கு. அப்பாவும் முகம் இளகித்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்போது உள்ளேயிருந்து ரீத்தா வந்தாள். எல்லாரையும் விட்டு அவரிடமே கேட்டாள்.

"முழுங்கணும்னு தோணவே தோணாதா?"

தோணாது என்று சொல்லித் தொலையட்டும் என்று மனசுக்குள் மாதாவை வேண்டினேன்.

"தோணும்" என்றார் அவர். "நல்ல பாட்டிலு தெறக்கற அன்னிக்கெல்லாம் தோணும்."

அப்பாவின் முகம் இருண்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ரீத்தா அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தோணலன்னு பொய் சொல்லியிருந்தா நானே வேணான்னுருப்பேம்பா. இவரையே கட்டி வையி."