எலும்பு பிடித்துக்கொண்ட பல்

காப்பிக்கொட்டை காய்ந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் எஸ்டேட்டில் அப்போது மீட்டர் எல்லாம் கிடையாது. என் பல்தான் மீட்டர். தலைச்சோலைப் பக்கம் களத்து மேஸ்திரியாக இருந்தேன். வெயிலில் கிடக்கும் கொட்டையில் ஒன்றை எடுத்து, தோலை நீக்கி, வலது கடைவாயில் வைத்துக் கடிப்பேன். பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது. பதியாமல் நின்றால் மூட்டை கட்டலாம். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். நான் சொல்லாமல் ஒரு மூட்டைக்கும் வாய் தைக்க மாட்டார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கடைவாய்ப் பல் ஈறு கெட்டு விழுந்துவிட்டது. இடது பக்கம் கடித்துப் பார்த்தேன். இடது கையால் கையெழுத்துப் போடுவது போல இருந்தது. ஒரு லோடு ஈரத்தோடு போய்த் திரும்பி வந்தது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. சேலத்தில் ஒரு பல் டாக்டரம்மா தாடை எலும்பிலேயே திருகாணி இறக்கி, அதன்மேல் பல் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன்.

அந்த அம்மா வாயைப் பார்க்கும் முன்பே விசாரணையை ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க, சக்கரை இருக்குதுங்களா? பீடி உண்டுங்களா?"

சக்கரை இல்லை. பீடி உண்டு.

"பீடிய விட்டாத்தான் புண்ணு ஆறுமுங்க. விட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்க."

திருப்பி அனுப்பிவிட்டார். கோபம் கோபமாக வந்தது, ஆனாலும் விட்டேன்.

மறுபடி போனபோது எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, கீழ்த்தாடைக்குள் ஓடும் ஒரு நரம்பைக் காட்டினார். துளை அதில் பட்டுவிட்டால் உதடு மரத்தே போகலாமாம். அதனால் ஒன்றுக்கு இரண்டு முறை அளந்தார். துளை போடும்போது உப்புத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். "எலும்பு சூடாச்சுன்னா செத்துருமுங்க. செத்த எலும்பு எதையும் புடிக்காது" என்றார். என் எலும்புக்கு உயிர் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வாயைப் பிளந்தபடி அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

திருகாணியை ஈறுக்குள் மூடித் தைத்துவிட்டு, நாலு மாசம் அந்தப் பக்கம் எதுவும் படக் கூடாது என்றார். அசைந்தால் எலும்பு பிடிக்காது. அப்புறம் கழற்றி எடுக்க வேண்டியதுதான்.

பத்தாம் நாள் களத்தில் நின்றேன். நல்ல கார்த்திகை வெயில். கை தானாகக் கொட்டையை எடுத்தது, தோலை நீக்கியது, வலது பக்கம் வைத்தது. மேல்பல் இறங்கியதும் மண்டை வரை வலி ஏறி, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொட்டை கிளறிக்கொண்டிருந்த என் மனைவி ஓடி வந்தாள்.

"ஏனுங்க, வாயெல்லாம் ரத்தமுங்க." அப்புறம்தான் கேட்டாள். "கடிச்சீங்களா?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

டாக்டரம்மா பிரிந்த தையலைக் கழுவித் திரும்பத் தைத்தார். திட்டவில்லை. "புடிக்குமா புடிக்காதான்னு இப்பச் சொல்ல முடியாதுங்க" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். சோற்றைக் குழைத்து இடது பக்கமே தின்று மாசங்களை ஓட்டினேன். எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கும் வேண்டிக்கொண்டேன். திருகாணிக்காக அந்தச் சாமியிடம் வேண்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பங்குனியில் ஈறைத் திறந்து ஒரு கம்பியால் தட்டினார். ணங் என்றது.

"புடிச்சுக்கிச்சுங்க. இல்லீன்னா சத்தம் மொத்தையா வரும்."

நான் தூங்கியபோதும், ஆட்களோடு சண்டை போட்டபோதும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் எலும்பு வளர்ந்து அந்த அந்நிய உலோகத்தைத் தழுவிக்கொண்டிருக்கிறது. நான் கெடுத்து வைத்ததையும் பொறுத்துக்கொண்டு.

பல் கட்டியாயிற்று. கெட்டியானதை அதில் கடிக்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். நான் கேட்பேனா? அடுத்த சீசனில் காய்ந்த முதல் கொட்டையை அதில் வைத்து மெதுவாகக் கடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. காலையில் காயப்போட்ட பச்சைக் கொட்டையைக் கடித்தேன். அதுவும் அப்படியே. பல் அசையாமல் நின்றது, ஆனால் எதையும் சொல்லவில்லை. சேலத்துக்குப் போய்க் கேட்டேன்.

"அதுக்குத் தெரியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல நொம்ப மெல்லிசா ஒரு சவ்வு இருக்குமுங்க. மெதுவா, கெட்டியான்னு சொல்றது அதுதான். ஈறு கெட்டா மொதல்ல போறதும் அதுதான். அதைச் செஞ்சு வைக்க எங்களால முடியாதுங்க. இடது பக்கம் இன்னும் இருக்குது, அதைப் பழகிக்கோங்க."

முப்பது வருஷம் மூட்டைக்கு உத்தரவு கொடுத்தது நான் என்று நினைத்திருந்தேன். நூல் கனம்கூட இல்லாத அந்தச் சவ்வுதான் கொடுத்திருக்கிறது. பல் விழும் முன் ஈறில் ரத்தம் வந்த இரண்டு வருஷமும் அது செத்துக்கொண்டிருந்தது. நான் பீடியை இழுத்தபடி, ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தேன்.