கண் வரை போன பூச்சி

அறுபதுகளின் தொடக்கத்தில், ஆதரவற்ற நாய்களை வைத்திருக்கும் ஒரு கொட்டடியில் என் கணவர் வேலை பார்த்தார். கூண்டு கழுவுவார், சோறு வைப்பார். யாரும் கேட்டு வராத நாய்களுக்கு ஊசி போடும்போது பிடித்துக்கொள்வதும் அவர்தான்.

அப்படி ஊசிக்குப் போகவிருந்த ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். எங்கள் மகளுக்கு நாலு வயது. குட்டி எலும்பும் தோலுமாக இருந்தது. வயிறு மட்டும் பானை. மறுநாள் அது கக்கியதில் பீஹூன் சேமியா போல வெள்ளையாகப் பூச்சிகள் நெளிந்தன.

"என்னங்க இது? பிள்ளை இருக்கிற வீடு!"

"அங்க எல்லாக் குட்டிக்கும் இருக்கு. நாய்ப்பூச்சி மனுசனுக்கு வராதாம்லா."

குட்டி பின்சந்து மண்ணில்தான் அசிங்கம் பண்ணும். மழை அதைக் கரைத்துவிடும். மகள் அதே மண்ணைச் சிரட்டையில் அள்ளிச் சோறாக்கி விளையாடுவாள். குட்டி தேறியது. அவள் போகுமிடமெல்லாம் பின்னால் ஓடியது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், கண்ணாமூச்சி விளையாட்டில் வலக்கண்ணை மட்டும் பொத்திக்கொண்டவள் கேட்டாள்: "ஏம்மா இருட்டாக்கிட்டே?"

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை ஒரு தமிழ் நர்ஸ் மிஸ்ஸி எங்களுக்கு எடுத்துச் சொன்னார். "இடது கண்ணுக்குள்ள ஏதோ கட்டி தெரியுது. புத்துநோயா இருந்தா மூளைக்கு ஏறிடும். கண்ணை எடுத்தாத்தான் உயிருக்குப் பயமில்லன்னு சொல்றாரு." என் கணவர் கைநாட்டு வைத்தார்.

எடுத்த பிறகுதான் தெரிந்தது, அது புற்று இல்லை.

"வீட்ல நாய் இருக்கா?" என்று மிஸ்ஸி கேட்டார். "நாய்ப்பூச்சியோட முட்டை மண்ணுல கிடந்து, கை வழியா வாய்க்குப் போயிருக்கு. வயித்துல பொரிஞ்ச குஞ்சு ரத்தத்தோட ஓடிக் கண்ணுல தங்கிருச்சு."

"அப்ப அந்தக் கண்ணைத் திருப்பி வைக்கலாமா, மிஸ்ஸி?" என்றார் என் கணவர்.

"இல்லண்ணே. எடுக்காம விட்டிருந்தாலும் அதுல பார்வை வந்திருக்காது."

அன்று சாயங்காலமே என் கணவர் நாயைக் கொட்டடிக்குக் கூட்டிப்போனார். யார் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. குட்டிகளுக்கெல்லாம் பூச்சிமருந்து கொடுக்கச் சொல்லி, அங்கே மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் மன்றாடியிருக்கிறார். "நாளைக்குச் சாவப்போற நாய்க்கு மருந்து எதுக்குலா?" என்றாராம் மண்டோர்.

வேறு வேலை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு குட்டி எடுக்க வருகிறவர்களிடம், தெரிந்த மலாயில், கையைக் கழுவச் சொல்வார், மண்ணில் விளையாட விடாதீர்கள் என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே குட்டியைப் பிள்ளை கையில் கொடுப்பார்கள்.

வீட்டில் சாப்பிட உட்காரும்போது, மகளின் இடப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அவர் அழுவது அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குத் தெரியாது.