எஸ்தர் ஒப்புக்கொள்ளாத பிரேக்கர்

புதன்கிழமை காலை வண்ணார்பேட்டை நெரிசலில் நிற்கும்போது எஸ்தரின் கணவர் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, எஸ்தர் போயிட்டா." "எங்க போயிட்டாங்க? பத்து மணிக்கு மில்லுக்கு வாரேன்னாங்களே" என்று கேட்டேன். மடத்தனம். அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சுவலியாம். ஐம்பதுகூட ஆகவில்லை. எஸ்தரை அறிந்த உங்களுக்கு இதை எழுதும்போதும் நம்பிக்கை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

ஆலைகளுக்கு மின் அமைப்பை வரைந்து கொடுப்பது எஸ்தரும் நானும் சேர்ந்து செய்த தொழில். பாளையங்கோட்டையில் சின்ன அலுவலகம். எதற்கு எவ்வளவு கரண்ட் என்ற கணக்கை எஸ்தர் பார்ப்பார், வெளிவேலை நான் பார்ப்பேன். கணக்கு விஷயத்தில் அவரோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், ஒருநாளும் ஜெயித்ததில்லை.

பேட்டைப் பக்கம் ஓர் அரிசி ஆலை. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பாது என்று கணக்கிட்டு, கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் மெயின் பிரேக்கருக்கு நானூறு ஆம்பியர் போதும் என்று எஸ்தர் எழுதினார். ஆயுத பூஜையன்று முதலாளி, பொட்டும் மாலையுமாக நின்ற அத்தனை இயந்திரங்களையும் நல்ல நேரம் பார்த்து ஒன்றாகப் போட்டுவிட்டார். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்டை இழுக்கும். சொந்தபந்தம் முன்னால் மெயின் விழுந்தது. "என்னம்மா, அபசகுனமாப் போச்சே. பெருசா ஒண்ணப் போடுங்க" என்று கொதித்தார். ஞாயிறு சர்ச் ஆராதனை தவறாத எஸ்தர் நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, சாமிக்கு ஒவ்வொண்ணாத்தான தீபாராதனை காட்டுதீய? மோட்டாருக்கும் அப்படியே காட்டுங்க. ஒண்ணு ஓடி நிதானத்துக்கு வந்த பெறவு அடுத்ததப் போடுங்க." அப்புறம் விழவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

பிரேக்கர் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்காத முதலாளி கிடையாது. எஸ்தர் பதில் இதுதான்: "கேபிள் தாங்குததுக்கு மேல போட்டா, பிரேக்கர் விழாது. கேபிள் எரியும். உள்ள ஆளு நிக்குதாங்கல்லா?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதே ஆலை விஷயமாகத்தான் எஸ்தர் பேசினார். முதலாளி புதிதாக நெல் உலர்த்தி வாங்கியிருந்தார். பழைய கேபிளிலேயே அறுநூற்று முப்பது ஆம்பியர் பிரேக்கர் மாட்டச் சொன்னார். "கேபிளையும் மாத்தினாத்தான் கையெழுத்து. நாளைக்கு நேர்ல சொல்லிருவோம். எனக்கு முன்னாடி நீங்க வாயத் தொறக்காதீய" என்று எஸ்தர் சிரித்தார். அதுதான் கடைசிப் பேச்சு.

அடக்கத்துக்கு முதலாளி வந்தார். நிஜமாகவே அழுதார். கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னை ஒதுக்கி, "அந்தப் பெரிய பிரேக்கருக்கு மேடம் சரின்னுட்டாங்க வே. நீரு கையெழுத்து மட்டும் போடும்" என்றார். குழியில் அள்ளிப் போட்ட மண் என் கையில் அப்படியே ஒட்டியிருந்தது. "செத்தவங்க வாயில வார்த்தையத் திணிக்காதீங்க, அண்ணாச்சி. கேபிள மாத்தாம முடியாது" என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

நேற்று மறுபடி கூப்பிட்டார். அதே பதிலைச் சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் 'முடியாது' என்று சொல்வது எப்போதும் எஸ்தர்தான், நான் பக்கத்தில் நின்றால் போதும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தை. பயமாகத்தான் இருக்கிறது, எஸ்தர். இனி அதை நான் தனியாகச் சொல்ல வேண்டும்.